கேட்பவர்களின் முகங்கள்

பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் பார்க்க உட்காருபவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, ரிமோட்டை எடுத்துத் திரையின் அகல உயர விகிதத்தைச் சரிசெய்வதுதான். 1960களின் இறுதிவரை இங்கே எடுக்கப்பட்ட படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவில், சதுரத்தைவிடச் சற்றே அகலமான வடிவத்தில் எடுக்கப்பட்டவை. 1973-இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். இன்று நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பெட்டிகளோ பதினாறுக்கு ஒன்பது. இந்த இடைவெளியை நிரப்புவதாக நினைத்துக்கொண்டு, ஒளிபரப்புகிறவர்களும் இணையத்தில் ஏற்றுகிறவர்களும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, படத்தைப் பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் பருமனாக்குகிறார்கள். அல்லது உயரத்தில் கால் பங்கை வெட்டிவிட்டு, எஞ்சியதைத் திரை முழுவதும் பரப்புகிறார்கள். இரண்டாவது முறையில் 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தால் பத்மினியின் பாதங்கள் பல இடங்களில் காணாமல் போகும். நாட்டியக்காரியின் கதையில் பாதத்தை வெட்டுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டு, படத்தை அதன் சொந்த வடிவத்தில் பார்ப்பதே நல்லது.

சிறுவயதில் தூர்தர்ஷனில் பார்த்த படங்களைச் சில காலமாக இப்படி ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து வருகிறேன். பழைய நாள்களின் மீதுள்ள ஏக்கம்தான் தொடக்கத்தில் என்னை இதில் இழுத்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க, ஏக்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று கண்ணில் பட ஆரம்பித்தது. பேசுகிறவரை விட்டுவிட்டு, அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவரை நான் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அந்தக் காலத்து நடிப்பு என்றதும் நாம் வசனத்தைத்தான் நினைக்கிறோம்; அடுக்குமொழி, ஏற்ற இறக்கம், மூச்சு விடாத உச்சரிப்பு என்று அதற்கு ஒரு புகழ்ப் பட்டியலே உண்டு. அந்த வசனத்தை எதிரே நின்று வாங்கிக்கொண்டவர்களின் நடிப்புப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

அதற்கு ஒரு காரணம், அந்தப் படங்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வழி. என் தலைமுறைக்குப் பல படங்கள் முதலில் காது வழியாகவே வந்தன. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பாடல்களுக்கு இடையே 'திருவிளையாடல்' கதை வசனம் ஓடும். தருமியும் சிவனும் கேள்வி பதில் சொல்லிக்கொள்ளும் காட்சியை, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒப்பிக்கத் தெரிந்த சிறுவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். வானொலியின் ஒலிச்சித்திரம் இன்னொரு வழி. இரண்டரை மணிநேரப் படத்தை ஒரு மணிநேர ஒலியாகச் சுருக்கித் தருவார்கள். சமையலறையில் வேலை செய்தபடியே என் அம்மா அதைக் கேட்டுக் கதை முழுவதையும் பிடித்துவிடுவார். இசைத்தட்டும் வானொலியும் பேசுகிறவரை மட்டுமே எடுத்துவரக்கூடியவை. மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அவற்றில் இடமே கிடையாது. இப்படி ஒரு படத்தின் பாதி நடிப்பு கழிந்துபோன நிலையில்தான் அது எங்கள் நினைவில் முதன்முதலில் பதிந்தது.

பிறகு தொலைக்காட்சி வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது என்றாலும், செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு முதல் பெட்டி வரச் சில ஆண்டுகள் ஆயின. எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டில் வாங்கிய டயனோரா அது. மரச்சட்டமும் இழுத்து மூடும் கதவும் கொண்டது. நிகழ்ச்சி முடிந்ததும் கதவை இழுத்துச் சாவி போட்டுவிடுவார்கள். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப ஒருவரும், "வருது, வருது, விடு" என்று கீழிருந்து கத்த ஒருவரும் எப்போதும் தேவைப்பட்டார்கள். தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டில் ஆன்டெனா கடலைப் பார்த்து நின்றது; கொடைக்கானல் கோபுரத்திலிருந்து ஒளிபரப்பு வருவதற்கு முன் அங்கே இலங்கையின் ரூபவாகினிதான் தெளிவாகத் தெரியும். எங்களுக்கோ வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை தமிழ்ப் படம். இந்த இரண்டுக்கும் நடுவில் 'வயலும் வாழ்வும்' முதல் 'எதிரொலி' வரை எது வந்தாலும் பார்த்தோம். நெற்பயிரில் புகையான் தாக்குதலைப் பற்றி, வயலே இல்லாத எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருந்தது அதனால்தான்.

அந்தப் பெட்டியில் தெரிந்த படம் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். படக்குழாய்த் தொலைக்காட்சிகளில், வந்து சேரும் படத்தின் நான்கு ஓரங்களும் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்படிதான் அமைப்பே இருந்தது. படம் சுருங்கினாலும் கறுப்பு விளிம்பு தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மூலைகள் வேறு வளைந்திருக்கும். இயக்குநர் ஓரத்தில் நிறுத்திய ஆள் பாதியாகத் தெரிவார், அல்லது தெரியவே மாட்டார். ஒளிபரப்புக்கு 625 கோடுகள்தான். கும்பலாக ஆறு பேர் நிற்கும் காட்சியில் ஒவ்வொருவருக்கும் முகம் என்று ஒரு வெளிறிய வட்டம் கிடைக்கும். போதாததற்கு, வினாடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படத்தை 25 சட்டங்களாக ஓட்டுவதே இந்தியா பின்பற்றிய ஒளிபரப்பு முறையின் வழக்கம். நூற்று ஐம்பது நிமிடப் படம் அதில் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாடல்களின் சுருதி அரைச்சுரத்தை நெருங்கும் அளவுக்கு ஏறியிருக்கும். 'தொலைக்காட்சியில் கேட்ட குரல் மாதிரி இல்லையே' என்று சிலர் இன்றைய நல்ல பிரதிகளைப் பார்த்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வண்ண ஒளிபரப்பு 1982-இலேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி என்பதால், 'தில்லானா மோகனாம்பாள்' எனக்கு நெடுங்காலம் கறுப்பு வெள்ளைப் படம்.

இத்தனை குறைகளையும் மீறி ஒரு முகம் மட்டும் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் பாட்டி டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து படம் பார்த்தவர். கதாநாயகனைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை. டி.எஸ். பாலையா திரையில் வந்துவிட்டால் மட்டும், "அந்த மனுஷன் சும்மா நிக்கிறதப் பாருடா" என்பார். சும்மா நிற்பதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றும். நாங்கள் சண்டைக் காட்சிக்குக் காத்திருந்த பிள்ளைகள்.

பாலையா 1914-இல் பிறந்தவர். நாடக மேடையில் வளர்ந்தவர். எம்.ஜி.ஆருக்கு முதல் படமான 'சதி லீலாவதி' (1936) அவருக்கும் முதல் படம். தொடக்க காலத்தில் வில்லனாக நிலைபெற்று, 1960களில் குணச்சித்திரமும் நகைச்சுவையும் கலந்த ஒரு தனி வகைக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பத்தாண்டில் அவர் நடித்த மூன்று படங்களின் மிகச் சிறந்த இடங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது ஓர் ஒற்றுமை தென்பட்டது. மூன்றிலும் அவர் செய்யும் வேலை ஒன்றே: இன்னொருவர் பாடுவதையோ பேசுவதையோ கேட்பது.

முதலாவது, 'காதலிக்க நேரமில்லை' (1964). ஸ்ரீதர் இயக்கத்தில், ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவில் ஈஸ்ட்மென் கலரில் வந்த படம். சினிமா எடுத்தே தீருவேன் என்று அலையும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். பணக்கார அப்பா விசுவநாதனாகப் பாலையா. மகன் தன் பேய்ப்படக் கதையை அப்பாவுக்குச் சொல்லும் காட்சி தமிழ் நகைச்சுவையில் தனி இடம் பெற்றுவிட்டது. அதில் நாகேஷ் கதவு கிறீச்சிடுவதிலிருந்து எல்லா ஓசைகளையும் தானே எழுப்புகிறார், கண்ணை உருட்டுகிறார், நெருங்கி வருகிறார், விலகுகிறார். நினைவில் நிற்பதும் அவருடைய குரல்தான். இப்போது படத்தை அதன் முழு வடிவத்தில் பார்க்கும்போது தெரிவது வேறு. நாகேஷ் செய்வதில் பாதிக்கு நாம் சிரிப்பது பாலையாவின் முகத்தைப் பார்த்துத்தான். கதை கேட்க விருப்பமில்லாமல், மகன் பேசுவது அபத்தம் என்ற முகத்தோடு உட்காருகிறவர், படிப்படியாக அந்தக் கதைக்குள் இழுக்கப்பட்டு, பயந்துவிட்டதை மகனுக்குக் காட்டிக்கொள்ளாதிருக்கப் போராடுகிறார். பயப்படுவதை நடிப்பது எளிது. பயத்தை மறைக்க முயன்று தோற்பதை, ஒன்றும் பேசாமல், எதிரே ஒருவர் பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது நடிப்பது வேறு காரியம். அந்தக் காட்சியின் ஒலியை மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். வேடிக்கையாகத்தான் இருந்தது, பயமாக இல்லை.

இரண்டாவது, 'திருவிளையாடல்' (1965). பாண்டிய நாட்டையே தன் இசைக்கு அடிமையாக்க வந்த ஹேமநாத பாகவதராகப் பாலையா. அவருக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒருநாள் போதுமா' எல்லோருக்கும் தெரியும்; அந்தப் பாட்டில் பாலையா காட்டும் கர்வமும் பலரால் சிலாகிக்கப்பட்டது. என்னைக் கட்டிப்போடுவது அதற்குப் பிறகு வரும் இரவு. விறகுவெட்டியாக வந்த சிவன் பாடத் தொடங்குகிறான். உள்ளே பாகவதர் கேட்கிறார். முதலில் வியப்பு, பிறகு அது யார் என்று அறியும் பதற்றம், அதன்பின் தன் வித்தையின் எல்லை தனக்கே தெரிந்துவிட்ட ஒருவரின் ஒடுக்கம். சிவாஜி ஒருவரே பல உருவில் தோன்றிப் பக்கவாத்தியமும் வாசிக்கும் தந்திரக் காட்சியை அன்று நாங்கள் வாய்பிளந்து பார்த்தோம். தெய்வம் பாடியது என்பதை நம்மை நம்பவைப்பது அந்தத் தந்திரம் அல்ல, கேட்டவர் ஊரைவிட்டே புறப்படும் அளவுக்கு இடிந்துபோனது என்பதுதான் இன்றைய என் கட்சி.

மூன்றாவது, 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் கலைமணி என்ற பெயரில் எழுதிய தொடரை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். சிவாஜியின் சிக்கல் சண்முகசுந்தரத்துக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் விரலும் கன்னமும் அந்த வாசிப்போடு பொருந்தும் நுணுக்கத்தைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. பாலையாவுக்கு அதில் தவில் வித்துவான் முத்துராக்கு வேடம். காயம்பட்டுத் தேறிவரும் சண்முகத்தைச் சபையில் வைத்துக்கொண்டு மோகனா 'நலந்தானா' என்று பாட்டாலேயே விசாரிக்கிறாள். ஊருக்கு அது பதம். சண்முகத்துக்கு அது கடிதம். இதை அந்த மேடையில் மூன்றாவதாகப் புரிந்துகொள்கிறவர் தவில்காரர். தாளத்தை விடாமல் கை ஓடிக்கொண்டிருக்க, முகம் மட்டும் பாட்டின் உட்பொருளைத் தொடர்ந்து சென்று கலங்குகிறது. காதலர் இருவருக்கும் இடையே நடப்பதற்குச் சாட்சியாக ஒருவர் தேவை என்று நாகராஜன் நினைத்திருக்கிறார். அந்தச் சாட்சியைப் பக்கவாத்தியக்காரராக உட்கார வைத்தது கதையாசிரியரும் இயக்குநரும் கச்சேரியை அறிந்தவர்கள் என்பதற்கு அடையாளம். நல்ல பக்கவாத்தியக்காரர் வாசிப்பதைவிட அதிகமாகக் கேட்பவர்.

உண்மையில் இந்தப் படமே கேட்பதைப் பற்றிய படம் என்று சொல்லிவிடலாம். தொடக்கத்தில் கோயிலில் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை கிளம்ப, கூட்டத்தின் கவனம் அங்கே திரும்புகிறது. சண்முகம் வாசிப்பை நிறுத்திவிடுகிறான். கேட்காத கூட்டத்துக்கு வாசிக்க மாட்டேன் என்ற அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் அவனுடைய மற்ற எல்லாத் தொல்லைகளும் பிறக்கின்றன. மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணியை அவருடைய மதுரைப் பேச்சுக்காக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவள் சண்முகத்தின் நாயனத்தைக் கேட்கும்போது எப்படி மாறிப்போகிறாள் என்று பாருங்கள். கொட்டகைக்கு ஆள் சேர்க்கும் சாமர்த்தியமெல்லாம் கழன்றுவிழுந்து, கண் அகன்ற ஒரு சிறுமி மிஞ்சுகிறாள். இதற்கு நேர் எதிராகச் சவடால் வைத்தியாக வரும் நாகேஷ், படம் முழுவதும் யார் வாசித்தாலும் யார் ஆடினாலும் எதையும் கேட்பதில்லை. அவன் கண் சபையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று அளந்துகொண்டே இருக்கிறது. அவனைக் கெட்டவனாகக் காட்ட நாகராஜனுக்கு இதுவே போதுமாக இருந்திருக்கிறது.

அன்றைய கருவிகளின் கட்டாயமும் இந்த வகை நடிப்புக்கு உதவியது என்று நினைக்கிறேன். கனமான காமிரா, அரங்குக்குள் போட்ட விளக்குகள், சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய பிலிம் என்ற நிலையில், இருவரையோ மூவரையோ ஒரே சட்டகத்தில் நிறுத்திக் காட்சியை நீளமாக ஓடவிடுவது வழக்கமாக இருந்தது. ஒருவர் பேசும் நேரம் முழுவதும் மற்றவரும் திரையில் இருந்தாக வேண்டும். நாடகக் கம்பெனிகளில் பயின்றவர்களுக்கு இது புதிதல்ல. மேடையில் தன் வசனம் முடிந்தது என்று முகத்தை இறக்கிவைக்க முடியாது. பிற்காலத்தில் வெட்டுகள் பெருகி, பேசுகிறவர் முகம் மட்டும் அண்மைக் காட்சியில் வரத் தொடங்கியபோது, கேட்பவருக்கு ஒரு வினாடி எதிர்வினை என்று பங்கு குறைந்துவிட்டது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) போன்ற படத்தில் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்க்கலாம். ஏறக்குறைய முழுப் படமும் ஒரு மருத்துவமனை அரங்குக்குள் நடக்கிறது. வின்சென்டின் காமிரா கட்டிலுக்கு அடியிலெல்லாம் புகுந்து இடம் தேடுகிறது. படுத்திருப்பவன், பாடுகிறவள், இருவருக்கும் இடையிலுள்ள தூரம் மூன்றும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கின்றன.

இந்த வரிசையில் என்னை மிகவும் உட்கார வைத்த படம் 'அந்த நாள்' (1954). வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த படம், பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்பதற்காக எல்லாப் பட்டியல்களிலும் இடம் பெற்றுவிட்டது. பாட்டு வந்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காத்திருந்த பாட்டிக்கு, அது வராமலேயே படம் முடிந்துவிட்டதில் இருந்த கோபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாள்களில் நடக்கும் கதை. வானொலிப் பொறியாளனான ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறான். 'பராசக்தி' வந்து இரண்டே ஆண்டுகளில், புகழின் ஏறுமுகத்திலிருந்த சிவாஜி கணேசனைப் படத்தின் முதல் காட்சியிலேயே பிணமாக்க ஓர் இயக்குநர் துணிந்திருக்கிறார். அதன்பின் எதிர்வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, மனைவி, நடனக்காரி என்று ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் ராஜனைப் பற்றிச் சொல்கிறார்கள். எழுபது ஆண்டு கடந்துவிட்டாலும், பார்க்காதவர்களை எண்ணி, சுட்டது யார் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

சொல்கிறவர்கள் ஐவர் என்றால் கேட்கிறவர் ஒருவர்: துப்பறியும் அதிகாரி சிவானந்தம். அந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமன்தான் படத்துக்கு எழுதியவரும். பின்னாளில் 'உடல் பொருள் ஆனந்தி' என்ற தொடர்கதைக்காக வாசகர்கள் கொண்டாடிய அதே எழுத்தாளர். எல்லோருக்கும் வசனத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேடத்தை எடுத்துக்கொண்ட எழுத்தாளரைத் தமிழ் சினிமாவில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. அவர் நம்புகிறாரா இல்லையா என்பது முகத்தில் வராது. ஒவ்வொரு கதை முடியும்போதும் நாம் அவரைப் பார்க்கிறோம். அவர் நமக்கு எந்த உதவியும் செய்வதில்லை. எஸ். மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி முகம் நிழலில் இருப்பது இதற்கு இசைவாக அமைந்துவிட்டது. எங்கள் டயனோராவில் அந்த நிழல்கள் வெறும் சாம்பல் நிறக் குழப்பமாகத்தான் தெரிந்தன.

ராஜனின் மனைவி உஷாவாக வருபவர் பண்டரிபாய். என் வயதுக்காரர்களுக்கு அவர் 'மன்னன்' (1992) படத்தில் ரஜினிகாந்தின் அம்மா. இப்படி அம்மாவாக மட்டுமே தெரிந்த முகம் ஒன்றை, நாட்டுப்பற்று மிக்க படித்த இளம்பெண்ணாக, கணவனின் வாதங்களைக் கூர்மையாகக் கேட்டு மறுப்பவளாகச் சந்திப்பது மறுபார்வையின் தனி இன்பங்களில் ஒன்று. சிவாஜி பேசும்போது அவர் குறுக்கிடாமல் கேட்கும் விதத்தில் காதலும் சந்தேகமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முன்னே வருவதைக் காணலாம். அந்தத் திறமைக்குப் பிற்காலத்தில் நாம் கொடுத்த வேலை, கட்டிலில் படுத்து இருமுவது.

பாலசந்தரைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அவர் 1964-இல் இயக்கிய 'பொம்மை' படத்தின் முடிவில் நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் திரையிலேயே நமக்கு அறிமுகப்படுத்துகிறார். பெயர்ப்பட்டியல் என்பது எழுந்து போகும் நேரம் என்றிருந்த ஊரில், விளக்குப் பிடித்தவர்களுக்கும் முகம் உண்டு என்று காட்ட நினைத்த மனிதர் அவர்.

எல்லாப் படமும் இப்படி நின்றுவிடுவதில்லை. படித்த பெண்ணை அடக்கித் திருத்தும் கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம். சிறுவயதில் கைதட்டிச் சிரித்த சில காட்சிகளை இன்று என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அவள் கேட்கும் கேள்விக்கு 'அந்தக் காலம் அப்படி' என்ற பதில் போதவில்லை, போதவும் கூடாது. கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவைப் பகுதிகள் பெரும்பாலும் வெளிறிப்போய்விட்டன. நீதிமன்றக் காட்சிகளில் முக்கால்வாசியை ஓட்டிவிடலாம். அங்கே எல்லோரும் பேசுகிறார்கள், ஒருவரும் கேட்பதில்லை.

தொலைக்காட்சிக்காகவே எடுத்தவற்றில் என் நினைவில் முதலில் நிற்பது 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் கதைகளைச் சங்கர் நாக் இயக்கினார். படப்பிடிப்பு நடந்தது கர்நாடகத்தின் ஆகும்பேயில். தலைப்புக் காட்சியில் ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள், பின்னணியில் எல். வைத்தியநாதனின் இசை. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதிய தென்னாட்டுக் கதை எங்களுக்கு இந்தியில் வந்து சேர்ந்தது. தெருவில் இந்தி தெரிந்தவர் எவரும் இல்லை. இருந்தும் ஒரு வாரமும் விடாமல் பார்த்தோம். சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக வந்த கிரீஷ் கர்னாட் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, அப்பா என்ன சொல்கிறார் என்பதை எங்களுக்கு அவன் முகமே மொழிபெயர்த்துவிட்டது. தண்டனையா, சலுகையா, சலுகை போன்ற தண்டனையா என்பதெல்லாம் புருவத்தில் தெரிந்துவிடும். ஞாயிறு பிற்பகலில், செவித்திறன் குறைந்தோருக்கான செய்திகளுக்குப் பிறகு வரும் பிறமொழிப் படங்களையும் இப்படித்தான் பார்த்தோம். மொழி புரியாமல் படம் பார்ப்பது முகம் பார்க்கப் பழகுவதற்கு நல்ல பயிற்சி.

தமிழில் சென்னைத் தூர்தர்ஷன் தந்த தொடர்களில் 'ஒரு மனிதனின் கதை'யைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். குடிப்பழக்கத்தில் சிதையும் ஒருவனைப் பற்றிச் சிவசங்கரி எழுதியதைத் தொடராக்கியபோது, தியாகுவாக நடித்தவர் ரகுவரன். வில்லனாக அவரை மக்கள் அறிவதற்கு முன்பே, அந்த நீண்ட முகம் எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டது. மனைவியோ நண்பரோ அறிவுரை சொல்லும்போது, கேட்பதுபோல நடித்துக்கொண்டு கேட்காமலிருக்கும் குடிகாரனை அவர் காட்டிய விதம், அப்படி ஒருவர் இருந்த வீடுகளில் பெரும் மௌனத்தை உண்டாக்கியது. கே. பாலசந்தரின் 'ரயில் சினேகம்' இன்னொன்று. கதை தெளிவாக நினைவில்லாதவர்கள்கூட வி.எஸ். நரசிம்மனின் இசையில் அதில் வந்த 'இந்த வீணைக்குத் தெரியாது' பாட்டை முணுமுணுப்பார்கள்.

படங்களைவிட இந்தத் தொடர்களின் நிலைதான் கவலைக்குரியது. படங்களின் நிலையும் நன்றாக இல்லை என்பது உண்மை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை, 1930களில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் தொடங்குவதற்குள் பல சுருள்கள் அழிந்துவிட்டிருந்தன. ஆயினும் 1950களுக்குப் பிந்தைய முக்கியமான படங்கள் ஏதோ ஒரு பிரதியில் கிடைத்துவிடுகின்றன. 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்கில் நூறு நாளைக் கடந்து ஓடியதும், பழைய சுருள்களில் பணம் இருக்கிறது என்று உரிமையாளர்களுக்குத் தெரிந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அப்படி ஓர் உரிமையாளர் ஆர்வம் இல்லை. காந்த நாடா விலையுயர்ந்ததாக இருந்த காலத்தில், ஒளிபரப்பி முடித்த நாடாவின் மேல் வேறொன்றைப் பதிவது உலகெங்கும் தொலைக்காட்சி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. அன்று வாரந்தோறும் பார்த்த நாடகங்களில் பலவற்றை இன்று தேடினால் பெயர்கூட அகப்படுவதில்லை.

கிடைக்கும் துண்டுகள் பெரும்பாலும் யாரோ வீட்டில் வி.சி.ஆர். வைத்துப் பதிவு செய்தவை. நிறம் கசிந்திருக்கும், அடிப்பகுதியில் கோடுகள் ஓடும், நடுவில் அன்றைய விளம்பரங்கள் வரும், முடிவில் ஷோபனா ரவி செய்தி வாசிக்கத் தொடங்கும்போது பதிவு அறுபடும். இவற்றை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் விளம்பரங்களை வெட்டாமல் விடுவது நல்லது. எந்த ஆண்டு ஒளிபரப்பானது என்று கண்டுபிடிக்கப் பல நேரங்களில் அவைதான் உதவுகின்றன. வி.எச்.எஸ். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தால் வீட்டில் கிடக்கும் பழைய இயந்திரத்தில் போட்டு ஓட்டக்கூடாது. நாடாவும் கெடும், இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் தலையும் கெடும். சுத்தம் செய்து கணினிக் கோப்பாக மாற்றித் தருகிறவர்கள் பெரிய ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு நாடா கிடந்து, அதன் மேல் 'கல்யாண கேசட்' என்று எழுதியிருந்தாலும், கடைசிவரை மாற்றித் தரச் சொல்லுங்கள். தாலி கட்டி, பந்தி முடிந்து, பெண்ணை அனுப்பியதற்குப் பின் மிச்சமிருக்கும் நாடாவில் தொலைக்காட்சியில் வந்ததைப் பதிவு செய்துகொள்ளும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது.